துணியைத் தொடாமல் ஒரு சந்தை

திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கத்தில் ஒரு பேக்கரி. ஆடிக் காற்றில் டீ கிளாஸில் தூசி விழாமல் கையால் மூடிக்கொண்டே பக்கத்துப் பனியன் கம்பெனி அண்ணன் கேட்டார்: "ஏனுங் தம்பி, கம்ப்யூட்டர்லயே எக்ஸிபிசன் நடத்துறாங்களாமா. துணியைக் கையில தொட்டுப் பாக்காம எவனுங் ஆர்டர் குடுப்பான்?"

கேள்வி நியாயமானது. கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவது. எங்கள் தொழிலும் அதே வழக்கம்தான். மொத்தமாக வாங்க வருகிற பையர் ஷோரூமுக்குள் வந்ததும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியைத் தேய்த்துப் பார்ப்பார். பேச்செல்லாம் பிறகு.

நான் அவரைத் திருப்பிக் கேட்டேன். "அண்ணா, ஆர்கானிக் பருத்தித் துணி ஒண்ணு, சாதாப் பருத்தித் துணி ஒண்ணு, ரெண்டையும் உங்க கையில குடுத்தா எது எதுன்னு சொல்லிப்போடுவீங்களா?" முப்பது வருசமாகத் துணியைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன கை அது. கொஞ்ச நேரம் யோசித்தார். "அதெப்படீங் தெரியும்?" என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. துணியின் மென்மை கையில் தெரியும். அந்தப் பருத்தி எந்த வயலில் விளைந்தது, சாயத் தண்ணீர் எங்கே போனது, தைத்தவருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா என்பதெல்லாம் எந்தக் கைக்கும் தெரியாது. நேரில் வந்து பார்க்கிற பையருக்கும் தெரியாது. அதனால் 'பசுமை', அதாவது சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத பொருள், விற்கிற கண்காட்சி திரையில் நடந்தாலும் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. அண்ணன் போல முதல் தடவை போகிறவர்களுக்காக, அன்று பேக்கரியில் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இது என்ன கண்காட்சி?

பொருட்காட்சி வேறு, வர்த்தகக் கண்காட்சி வேறு. ராட்டினமும் டெல்லி அப்பளமும் இருந்தால் அது பொருட்காட்சி. வர்த்தகக் கண்காட்சியில் விற்கிறவரும் மொத்தமாக வாங்குகிறவரும் மட்டும் சந்திப்பார்கள். கோவை அவினாசி ரோட்டில் இருக்கிற கொடிசியா வளாகத்துக்கோ, திருமுருகன்பூண்டியில் நடக்கும் பின்னலாடைக் கண்காட்சியான நிட்ஃபேருக்கோ போயிருந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். கழுத்தில் அட்டை, வரிசையாக ஸ்டால்கள், கை நிறைய கேட்லாக், சாயங்காலம் கால் வலி.

இதையே இணையத்தில் நடத்தினால் மெய்நிகர் கண்காட்சி. வெறும் வெப்சைட்டில் பொருள் பட்டியல் போட்டு வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இதற்குத் தேதி உண்டு, நேரம் உண்டு. அந்த மூன்று நாளோ ஐந்து நாளோ வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஒரே சமயத்தில் உள்ளே இருப்பார்கள். பதிவு செய்துதான் நுழைய முடியும். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவில் கூடுவதால்தானே வெளியூர் வியாபாரிகள் அந்த ராத்திரிக்கு வந்து சேருகிறார்கள்? அந்தக் கணக்குதான் இங்கேயும். கடை தினமும் திறந்திருக்கும், சந்தை குறித்த நாளில்தான் கூடும்.

2020-க்கு முன்னாலும் இப்படிச் சில முயற்சிகள் இருந்தன, ஆனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொரோனா வந்து விமானம் நின்றதும் வேறு வழியில்லாமல் எல்லோரும் திரைக்கு வந்தார்கள். சீனாவில் 1957 முதல் நடக்கிற கேன்டன் கண்காட்சி 2020 ஜூனில் முழுக்க இணையத்தில் நடந்தது. ஜெர்மனியின் ஹனோவர் தொழில் கண்காட்சி 2021 ஏப்ரலில் அப்படியே நடந்தது. கரூர்க்காரர்கள் ஜனவரி என்றாலே பெட்டி கட்டுகிற ஃபிராங்க்ஃபர்ட் வீட்டு ஜவுளிக் கண்காட்சி ஹைம்டெக்ஸ்டில்கூட 2021 ஜனவரியிலும் 2022 ஜனவரியிலும் நடக்கவில்லை. நிலைமை சரியானதும் நேர்க் கண்காட்சிகள் திரும்பி வந்துவிட்டன. ஆனால் திரை முழுதாகப் போய்விடவில்லை. நேரில் ஒரு பாதி, இணையத்தில் ஒரு பாதி என்று கலந்து நடத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பசுமை தொடர்பான கண்காட்சிகளில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு ஆள் விமானத்தில் போய்த் திரும்பினால் அவர் பங்குக்கு மட்டும் ஒரு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. சுற்றுச்சூழலைக் காப்பது பற்றிப் பேச ஆயிரக்கணக்கானோர் பறந்து வருவது நடத்துகிறவர்களுக்கே கொஞ்சம் உறுத்தும்.

உள்ளே நுழைந்தால் பெரும்பாலும் ஒரு வரவேற்புக் கூடத்தின் படம், அதிலிருந்து அரங்குகளுக்குப் போகும் வழி, ஸ்டால் பட்டியல் என்று இருக்கும். சில தளங்கள் வீடியோ கேம் மாதிரி நடக்க விடும். அது பார்க்க நன்றாக இருக்கும், வேலைக்கு ஆகாது. வேலைக்கு ஆவது மூன்று: தேடுகிற பெட்டி, நேரம் குறித்து வீடியோவில் பேசும் வசதி, கருத்தரங்குகள். இதில் தேடுகிற பெட்டியைத்தான் நம் ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. நேர்க் கண்காட்சியில் மூலையில் ஸ்டால் கிடைத்தாலும் நடந்து போகிற பையர் ஒருவராவது எட்டிப் பார்ப்பார். இங்கே அப்படி யாரும் தற்செயலாக வரமாட்டார்கள். பையர் ஒரு சொல்லைத் தட்டுவார், பக்கத்தில் இருக்கிற கட்டங்களில் டிக் போடுவார், வடிகட்டி வந்த பத்துப் பேரை மட்டும் பார்ப்பார். பசுமைக் கண்காட்சியில் அந்தக் கட்டங்கள் என்ன தெரியுமா? முக்கால்வாசி சர்டிபிகேட் பெயர்கள்.

பசுமை என்றால் அவர்கள் எதைச் சொல்கிறார்கள்?

அரசு அறிக்கைகளில் 'வளங்குன்றா வளர்ச்சி' என்று எழுதுவார்கள். நல்ல சொல். அடுத்த தலைமுறைக்கு வேண்டியதில் கை வைக்காமல் இன்றைய தேவையை முடித்துக்கொள்வது என்பது அதன் சாரம். ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987-ல் சொன்னது. தோட்டத்துக்காரருக்கு இதற்கு விளக்கமே தேவையில்லை. விதைநெல்லை எடுத்துச் சோறாக்கித் தின்னக்கூடாது, அவ்வளவுதான்.

திருப்பூர் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தது. வெள்ளியங்கிரி மலையில் புறப்படும் நொய்யல் இந்த ஊரைத் தாண்டும்போது எந்த நிறத்தில் ஓடியது என்பது நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு என்ன கலர் ஓடுகிறதோ அந்தக் கலர் ஆற்றில் ஓடும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரே வேண்டாம் என்கிற நிலைக்கு விவசாயிகள் வந்தார்கள். நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு 700-க்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட வைத்தது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை.

அதற்கப்புறம் வந்ததுதான் இப்போது இருக்கிற சுத்திகரிப்பு முறை. சாயத் தண்ணீர் முதலில் நுண்ணுயிர் தொட்டிகளுக்குப் போகும். பிறகு ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தள்ளிப் பெரும்பகுதியை நல்ல தண்ணீராகப் பிரிப்பார்கள். மிச்சமிருக்கிற உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி உப்பைத் தனியே எடுப்பார்கள். தண்ணீரும் உப்பின் ஒரு பகுதியும் திரும்ப சாயப்பட்டறைக்கே வரும். இதில் தலைவலியே இல்லை என்று சொல்லமாட்டேன். எதற்கும் உதவாத கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தீராத பிரச்சினை. ஆவியாக்க விறகும் கரண்டும் நிறைய ஆகும். ஆனாலும் வேறு ஊரில் இருந்து வருகிற பையரிடம் நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது என்றால் அது இதுதான். ஆச்சரியம் என்னவென்றால், நம் ஆட்களின் ஸ்டால் விவரங்களில் பாதிப் பேர் இதை எழுதுவதே இல்லை. 'எங்க ஊர்ல எல்லாத்துக்கும் இருக்கறதுதானே' என்று விட்டுவிடுகிறார்கள். கேட்கிறவருக்கு அது தெரியாதே.

சரி, கட்டங்களில் வரும் பெயர்களுக்கு வருவோம். எல்லாமே 'எக்கோ சர்டிபிகேட்' என்று ஒரே பையில் போட்டு வைத்திருப்பவர்கள் அதிகம். ஒவ்வொன்றும் சொல்வது வேறு. கோட்ஸ் (GOTS) என்பது ஆர்கானிக் இழைக்கான தரம். துணியில் குறைந்தது 70 சதவீதம் சான்று பெற்ற ஆர்கானிக் இழை இருக்க வேண்டும். 95 சதவீதம் இருந்தால்தான் 'ஆர்கானிக்' என்றே லேபிள் போடலாம். பருத்தியோடு நின்றுவிடாமல் சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலைமை வரை பார்ப்பதால் பையர்கள் இதை மதிக்கிறார்கள். ஜி.ஆர்.எஸ். என்பது மறுசுழற்சி இழைக்கு. 20 சதவீதம் இருந்தால் சான்று கிடைக்கும், 50 சதவீதம் இருந்தால்தான் சட்டையில் அந்த லேபிள் தொங்கலாம். ஓக்கோடெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்பது முடிந்த துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று சோதிப்பது. அதற்கும் ஆர்கானிக்குக்கும் சம்பந்தமில்லை. பாலியஸ்டர் துணிக்குக்கூட அது கிடைக்கும். இந்த ஒரு குழப்பத்தால் பையர் முன்னால் அசடு வழிந்தவர்களை நான் நாலைந்து பேராவது பார்த்திருக்கிறேன்.

எஸ்.சி.யும் டி.சி.யும்

சர்டிபிகேட்டைக் குழப்பி அசடு வழிந்தவர்களில் நானும் ஒருவன். என் குழப்பம் வேறு ரகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2021-ல் முதல் தடவையாக ஒரு மெய்நிகர் கண்காட்சியில் எங்கள் கம்பெனிக்கு ஸ்டால் போட்டோம். இரண்டாம் நாள் டென்மார்க்கிலிருந்து ஒரு பெண்மணி. குழந்தைகளுக்கான பாடிசூட், ஆர்கானிக், மூவாயிரம் பீஸ். பேச்சு நன்றாகப் போனது. கடைசியில், ஏற்கெனவே செய்த ஏதாவது ஒரு ஆர்டருக்கான டி.சி. மாதிரி ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு, நூல் மில்லில் வாங்கி வைத்திருந்த சர்டிபிகேட்டைப் பத்தே நிமிடத்தில் அனுப்பினேன். வேகமாகச் செய்துவிட்டோம் என்று பெருமை வேறு. மறுநாள் இரண்டு வரியில் பதில் வந்தது: இது உங்கள் மில்லின் எஸ்.சி., உங்களுடையதும் இல்லை, டி.சி.யும் இல்லை, நன்றி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் ஸ்டால் பக்கமே வரவில்லை.

எஸ்.சி. என்பது ஸ்கோப் சர்டிபிகேட். இந்தக் கம்பெனி இந்த வேலையை இந்தத் தரத்தின்படி செய்யத் தகுதி உள்ளது என்று சான்று நிறுவனம் கொடுப்பது. ஒரு வருடம் செல்லும், அப்புறம் ஆடிட் முடிந்து புதுப்பிக்க வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இருக்கிறது என்பதால் நேற்று நீங்கள் ஓட்டிய லோடு எது என்று அதில் தெரியாது. அதைச் சொல்வது டி.சி., டிரான்சாக்ஷன் சர்டிபிகேட். இன்ன தேதியில், இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, இத்தனை கிலோ சான்று பெற்ற சரக்கு கை மாறியது என்று அந்த விற்பனைக்குச் சான்று நிறுவனம் எழுதிக் கொடுப்பது.

டி.சி. என்றதும் அண்ணன் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல குடுப்பாங்களே, அந்த டி.சி.யாங்?" பெயர் வேறு, ஆனால் வேலை கிட்டத்தட்ட அதேதான். பழைய பள்ளிக்கூடத்து டி.சி. இல்லாமல் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள் அல்லவா? ஜின்னிங் ஃபேக்டரி மில்லுக்கு டி.சி. வாங்கிக் கொடுக்க வேண்டும். அது இருந்தால்தான் மில் நூலுக்கு டி.சி. வாங்க முடியும். நூலுக்கு இருந்தால்தான் துணிக்கு, துணிக்கு இருந்தால்தான் பாடிசூட்டுக்கு. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அதற்குமேல் அது ஆர்கானிக் இல்லை. வயலில் ஆர்கானிக்காகவே விளைந்திருந்தாலும் இல்லை.

நம் ஊரில் கண்ணி விட்டுப்போவது எங்கே என்றால், ஜாப் ஒர்க்கில். நூலை நாம் வாங்கி, நிட்டிங் ஒரு இடத்தில், சாயம் ஒரு இடத்தில், காம்பாக்டிங் ஒரு இடத்தில், பிரிண்டிங் இன்னொரு இடத்தில் என்று கொடுத்து வாங்குவதுதான் திருப்பூர் முறை. அந்த ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் சான்றுக்குள் வரவேண்டும். தனியாக அவர்களிடம் எஸ்.சி. இருக்கலாம், அல்லது நம் எஸ்.சி.யில் அவர்கள் பெயர் சேர்ந்திருக்கலாம். அவசரத்துக்கு 'இந்த ஒரு லாட்டை மட்டும் பக்கத்துல குடுத்து எடுத்துக்கலாம்' என்று போனால் அந்த லாட் கதை முடிந்தது. கண்காட்சிக்கு ஸ்டால் புக் செய்வதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து, நூல் கடையிலிருந்து பேக்கிங் வரை யார் யார் கையில் சரக்கு போகிறது, யாரிடம் என்ன சான்று, எந்தத் தேதி வரை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த ஒரு தாள் ஐம்பது பக்கக் கேட்லாக்கை விட மதிப்பு.

முதலில் பார்வையாளராக

நான் செய்த தப்பு முதல் தடவையே காசு கட்டி ஸ்டால் போட்டது. அண்ணனுக்கு நான் சொன்ன யோசனை: முதலில் பார்வையாளராகப் போங்கள். பல கண்காட்சிகளில் அதற்குப் பணம் கேட்பதில்லை, கேட்டாலும் ஸ்டால் வாடகையோடு பார்த்தால் சொற்பம். போட்டிக்காரர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், பங்களாதேஷ்காரர் ஸ்டால் எப்படி இருக்கிறது, பையர்கள் கருத்தரங்கில் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். கருத்தரங்கைத் தவறவிடவே கூடாது. அடுத்த இரண்டு வருடத்தில் என்ன சட்டம் வரப்போகிறது என்பது அங்கேதான் முதலில் காதில் விழும்.

பதிவு செய்யும்போது கம்பெனி பெயரில் ஒரு மின்னஞ்சல் இருந்தால் நல்லது. இலவச மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தால் பல பையர்கள் பதில் போடுவதில்லை. நேரடி ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி-இறக்குமதி அடையாள எண் வேண்டும், அதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை. கண்காட்சி அறிவிப்பு வந்ததும் 'வருகை தரும் ஐயாயிரம் பையர்களின் முகவரிப் பட்டியல் எங்களிடம் உள்ளது, விலை இவ்வளவு' என்று மின்னஞ்சல்கள் வர ஆரம்பிக்கும். குப்பையில் போடுங்கள்.

நேரக் கணக்கை சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றுகிறார்கள், மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நியூயார்க்கில் காலை 9 என்றால் நமக்குச் சாயங்காலம் 6.30 அல்லது 7.30. அதாவது பையர் உற்சாகமாக உட்காரும்போது நாம் ஷிப்ட் முடிந்து களைத்துப்போயிருப்போம். அந்த வாரத்துக்கு மட்டும் ஆபீஸ் நேரத்தையே மாற்றிக்கொள்வது உத்தமம்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற அந்தப் பத்து விநாடியில் லேப்டாப் தாங்கும், மோடம் தாங்காது. அது அணைந்து, திரும்ப உயிர் பெற்று, இணைப்புப் பிடிக்க மூன்று நிமிடம் ஆகும். வீடியோ பேச்சில் மூன்று நிமிடம் என்பது ஒரு யுகம். மோடத்துக்கென்று ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி வையுங்கள். நிட்டிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து பேசாதீர்கள். பின்னணியில் தொழிற்சாலை தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் அந்தச் சத்தத்தில் விலை சொன்னால் அவர் காதில் வேறு விலை விழும்.

தொட முடியாத துணியைக் காட்டுவது எப்படி? நான் கண்ட வழியைச் சொல்கிறேன். நல்ல பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் மேசையைப் போடுங்கள். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. அதற்கான கட்டரை எடுத்துத் துணி மேல் வைத்து அழுத்தித் திருப்புங்கள். 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று கழன்று வரும். அதைத் தராசில் வைத்து எண்ணைக் கேமராவுக்குக் காட்டுங்கள். 1.80 கிராம் என்று வந்தால் நூறால் பெருக்கி 180 ஜி.எஸ்.எம். பையர் அங்கே உட்கார்ந்து நாமே எடை போட்டுக் காட்டுவதைப் பார்க்கிறார். நூறு தடவை 'குவாலிட்டி நல்லா இருக்கும்' என்று சொல்வதற்கு இது மேல். துணியை இரண்டு கையால் இழுத்து விட்டுக் காட்டுங்கள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டுங்கள். கலரை மட்டும் திரையில் காட்டி ஒத்துக்கொள்ள வைக்காதீர்கள். நம் போனில் மெரூன் அவர் திரையில் ரோஸ். நிறத்துக்கான பான்டோன் எண்ணைச் சொல்லிவிட்டு, லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டு, கூரியரில் வரும் என்று சொல்லிவிடுங்கள்.

என்ன பேசுவது

'நூறு சதவீதம் எக்கோ ஃபிரெண்ட்லி' என்று வாயே திறக்காதீர்கள். முன்பு அது வெறும் அலுப்பூட்டும் சொல்லாக இருந்தது. இப்போது ஐரோப்பாவில் அது வம்பு. ஆதாரம் இல்லாமல் பொருளைப் பொத்தாம் பொதுவாகப் பசுமை என்று நுகர்வோரிடம் சொல்லி விற்பதைத் தடுக்கும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2026 செப்டம்பர் 27 முதல் பொருந்தும் என்று வைத்திருக்கிறார்கள். பையர் தன் கடையில் எழுத முடியாத ஒரு வார்த்தையை நாம் அவரிடம் சொல்லி என்ன பிரயோசனம்? இன்னொரு சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. பொருளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் என்று அதில் ஒரு ஏற்பாடு. சட்டையில் இருக்கும் ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்தால் அது எங்கே, எதில், எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டும். விதிகள் படிப்படியாக வரும், முன்வரிசையில் துணிமணியும் இருக்கிறது.

அதற்குப் பதில் சின்னதாக, சரிபார்க்கக்கூடியதாகச் சொல்லுங்கள். கட்டிங் டேபிளில் விழும் துண்டுத்துணியை எடுத்துக்கொள்வோம். அது நம் ஊரில் பெரும்பாலும் குப்பைக்குப் போவதில்லை. வேஸ்ட் கடைக்காரர் எடை போட்டு வாங்கிப் போவார். கலர் வாரியாகப் பிரித்து, திரும்பப் பஞ்சாக்கி, கழிவுப் பஞ்சில் நூற்கிற ஓ.இ. மில்லில் நூலாக்குவார்கள். நீலத் துண்டிலிருந்து நீல நூல். மறுபடி சாயம் போட வேண்டியதே இல்லை, தண்ணீரும் மிச்சம். வெள்ளக்கோவில், பல்லடம் பக்கம் இதே தொழிலாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். மறுசுழற்சி என்று வெளிநாட்டுக்காரர் இப்போது கொண்டாடுவதை நம் ஆட்கள் பல காலமாகச் செய்துவருகிறார்கள், வறுமையாலோ சிக்கனத்தாலோ. தாள் மட்டும் போட்டு வைக்கவில்லை. வேஸ்ட் கடையில் துண்டுச் சீட்டில் வாங்கிய துணிக்கு ஜி.ஆர்.எஸ். கிடைக்காது. எனக்கு இதில் கோபமே உண்டு, ஆனால் கோபத்தை யாரும் ஏற்றுமதி செய்ய முடியாதே.

கரண்டும் அப்படித்தான். பெரிய பையர்கள் இப்போது கேட்பது 'ஸ்கோப் 3' என்கிற கார்பன் கணக்கு. அவர் கடையில் எரியும் விளக்கு அவர் கணக்கு. அவருக்காக நாம் இங்கே ஓட்டும் மெஷினின் கரண்டும் அவர் கணக்கில்தான் மூன்றாம் பகுதியாகப் போய்ச் சேரும். அதனால் நம் மின்சார பில் அவருக்கு வேண்டும். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கு. மாதம் 10,000 யூனிட் என்றால் சுமார் 7 டன். அதில் 6,000 யூனிட் சொந்தக் காற்றாலையிலிருந்து கழிகிறது என்றால் அந்தப் பங்கைத் தனியே காட்டலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் இறக்கைகளைச் சுற்றுவதை நாம் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு போகிறோம். பன்னிரண்டு மாத பில்லை எடுத்து ஒரு பக்கத்தில் சுருக்கி, ஸ்டாலில் ஏற்றி வையுங்கள். டவுன்லோடு எண்ணிக்கை எதற்கு அதிகம் என்று பார்த்தால் கேட்லாக்கை விட அதுதான் என்பது என் அனுபவம்.

பனியனை விட்டு வேறு தொழிலில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான். பொள்ளாச்சியிலிருந்து தென்னைநார்க்கழிவுக் கட்டி அனுப்புகிறவரிடம் பையர் உப்பளவைக் குறிக்கும் ஈ.சி. எண்ணைக் கேட்பார், கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் கேட்பார். கோவை வார்ப்பட ஆலைக்காரர்களுக்கு நெருக்கடி இன்னும் பக்கத்தில். இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்கு ஐரோப்பா போடும் கார்பன் எல்லை வரியில் துணி இல்லை, இரும்பும் அலுமினியமும் உண்டு. 2026 ஜனவரியில் அதன் சோதனைக் கட்டம் முடிந்து நிஜக் கட்டம் தொடங்கியது.

முடிந்த பிறகு

திரையிலேயே ஆர்டர் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு ஒன்றுகூட அப்படி முடிந்ததில்லை. கிடைப்பது பேச்சுக்கு ஒரு ஆரம்பம். அடுத்த நேர்க் கண்காட்சிக்கு விமானம் ஏறினால் பத்துப் பேரிடம் நேரம் வாங்கிக்கொண்டு போகலாம், வெறுங்கையோடு ஹால் ஹாலாகச் சுற்ற வேண்டாம். தளத்தில் நடந்த உரையாடல்கள் சில நாட்களில் மறைந்துவிடும், அதனால் அன்றன்றே பெயர், பொருள், கேட்ட கேள்வி மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு நாளுக்குள் மின்னஞ்சல் போய்விட வேண்டும். அதில் அவர் கேட்ட ஒரு கேள்விக்காவது பதில் இருக்க வேண்டும்.

அண்ணன் இந்த வருடம் பார்வையாளராகப் பதிவு செய்தார், ஒரு ஐரோப்பியக் கண்காட்சிக்கு. நாற்பது மெஷின் வைத்திருப்பவர், இத்தனை நாள் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்தே காலம் ஓட்டியவர். முதல் நாள் ராத்திரி போன் செய்தார். கருத்தரங்கில் பேசியது பாதி புரியவில்லை, ஆனால் மூன்று பேர் அதே கேள்வியைக் கேட்டார்களாம், சாயம் எங்கே போடுகிறீர்கள் என்று. "நம்ம சாயப்பட்டறைக்காரர்கிட்ட எஸ்.சி. எந்தத் தேதி வரைக்கும்னு காலையில போய்க் கேக்கறனுங்" என்றார். மறுநாள் சாயங்காலம் வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ வந்தது. சர்டிபிகேட்டின் அடிப்பகுதி, தேதி மேல் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். இன்னும் 19 நாள்தான் இருந்தது.